தகரப் பெட்டிக்கு எங்கே இடம்?

செத்துப்போன ஒரு பட்டாளத்துக்காரரின் பெட்டியை என்ன செய்வது என்பது அவருடைய குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி, அதற்கு ஏன் இயக்கப் பத்திரிகையில் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். ஊர்க்காரர் வீட்டுப் பெட்டி என்றால் அது குடும்பச் சங்கதிதான். பெட்டி போனாலும் அவர்கள் வரலாறு போகாது. நிலத்துக்குப் பட்டா இருக்கிறது. கோயில் கல்வெட்டு இருக்கிறது. தேர் இழுக்கும்போது முதல் மரியாதை இருக்கிறது. தாத்தா பெயரில் பள்ளிக்கூடக் கட்டிடம் இருக்கிறது. சேரிக்காரனுக்கு என்ன இருக்கிறது? அவன் பெயர் ஏறிய காகிதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடன் பத்திரம், ரேசன் கார்டு, ஓட்டர் லிஸ்ட், போலீஸ் எஃப்.அய்.ஆர். அவன் எங்கே போனான், என்ன வேலை செய்தான், எப்படித் திரும்பி வந்தான் என்று சொல்லும் காகிதம் ஒன்று உண்டென்றால் அது பட்டாளத்துப் பெட்டியில்தான் இருக்கும். அந்தப் பெட்டியும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால், அவனைப் பற்றிப் பேச எஃப்.அய்.ஆர். மட்டும்தான் மிஞ்சும்.

நான் ஒரு பெட்டியை முன்வைத்துப் பேசுகிறேன். அது என் அப்புச்சியின் பெட்டி. அவினாசிப் பக்கத்துச் சேரியிலிருந்து 1943-ல் பயனீர் பட்டாளத்தில் சேர்ந்து, அஸ்ஸாம் வழியாகப் பர்மா எல்லை வரைக்கும் ரோடு போடப் போனவர். 1946-ல் திரும்பினார். 1988-ல் இறந்தார். பெட்டி மாமன் வீட்டு அட்டாலியில் கிடந்தது. இப்போது அந்தத் தொகுப்பு வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். “கண்ணு, நீதான் படிச்சவன். எடுத்துக்கிட்டுப் போய் எங்கியாச்சும் குடுத்துரு. இங்க இருந்தா கரையான் தின்னுபோடும்” என்றார் மாமன். எங்கேயாவது என்றால் எங்கே? இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

பெட்டிக்குள் இருப்பவை இவை. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் ஒன்று. ஒரு சம்பளப் புத்தகம். ஓரம் செல்லரித்த குரூப் போட்டோ. ஆறு முனை கொண்ட பர்மா ஸ்டார். இரட்டைத் தலை டிராகனைச் சிங்கம் மிதித்துக்கொண்டு நிற்கும் 1939-45 போர்ப் பதக்கம். ஒரு தகரத் தட்டு. ஒரு கால் பூட்ஸ். அம்மாயி பெற்றுக்கொண்ட மணியார்டர் துண்டுகள் பதினேழு, எல்லாவற்றிலும் அவளுடைய கைநாட்டு.

முதலில் பதக்கத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தன் நாட்டுச் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் நம்பரும் பெயரும் பிரிவும் பொறிக்கப்பட்டன. வெள்ளையனின் தாராளத்தைப் பாராட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதே வெள்ளையன்தான் முதல் உலகப் போர் முடிந்தபோது ஒரே பதக்கத்தைச் சிப்பாய்க்கு வெள்ளியிலும், இந்திய, சீன, மால்டாக் கூலிப் படைக்காரனுக்கு வெண்கலத்திலும் அடித்துக் கொடுத்தான். உலோகத்திலும் வருணம் பார்த்தவன் அவன். ஆனாலும் வெண்கலத்தின் விளிம்பில் ஒரு பெயர் இருக்கிறது. நம் ஊர்க் கல்லில் அந்தப் பெயர் இல்லை. நமக்கு வேண்டியது அந்த விளிம்புதான்.

பட்டாளம் என்றால் துப்பாக்கி பிடித்தவன் என்று மட்டும் நினைக்கிறோம். முதல் உலகப் போர்க் கால இந்தியப் படையில் துப்பாக்கி பிடிக்காதவர்கள் அய்ந்தரை லட்சத்துக்கும் மேல் என்று ராதிகா சிங்கா தன் ‘த கூலிஸ் கிரேட் வார்’ நூலில் (2020) கணக்குச் சொல்கிறார். சுமை தூக்கியவர், ரோடு போட்டவர், தண்ணீர் சுமந்தவர், செருப்புத் தைத்தவர், மலம் அள்ளியவர். ‘ஃபாலோயர்’, அதாவது பின்தொடர்பவர் என்று இவர்களுக்குப் பெயர். யாரைப் பின்தொடர்ந்தார்கள்? ஊரில் எந்தச் சாதி எந்த வேலை செய்ததோ அந்த வேலையையே பட்டாளத்திலும் அந்தச் சாதிக்குக் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் பம்பாய்ப் படையில் மகர்களும் மதராஸ் படையில் பறையர்களும் துப்பாக்கியோடு நின்றவர்கள்தான். ‘வீர இனம்’ என்றொரு கொள்கையைக் கண்டுபிடித்து, 1890-களில் மகர்களுக்குப் படையின் கதவை அடைத்தார்கள். தெற்கத்தியாரைப் பொதுவாகவே குறைத்தார்கள். ஆள் தட்டுப்பட்டபோது மட்டும் கதவு திறந்தது. 1941-ல் மகர் ரெஜிமென்ட் எழுப்பினார்கள். 1943-ல் சமார் ரெஜிமென்ட் எழுப்பினார்கள். அது பர்மாப் போரில் ரத்தம் சிந்தியது, 1946-ல் கலைக்கப்பட்டது. தேவைப்பட்டால் வீரன், தேவை தீர்ந்தால் தீண்டத்தகாதவன்.

என் அப்புச்சி ஏன் போனார்? நான் காலேஜில் படிக்கும்போது கேட்டிருக்கிறேன். “சோத்துக்குத்தான் கண்ணு போனேன். தேசமாவது ராசாவாவது. இங்க பண்ணையத்துல கெடந்தா கம்மங்கூழும் ஏச்சும். அங்க ரெண்டு வேளை சோறு, காலுக்குப் பூட்சு. எவனும் ‘ஏண்டா’ங்கறதில்ல. நெம்பரச் சொல்லித்தான் கூப்புடுவான்.” 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, பர்மா அரிசி நின்றது. நிலமில்லாத கூலிக்காரன் வயிற்றில்தான் அது முதலில் விழுந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் சூலூர் விமான தளத்துக்குத் தீ வைத்தார்கள். கோவை மாவட்ட விடுதலைப் போராட்ட வரலாற்றில் அது பெரிய அத்தியாயம், மறுக்கவில்லை. ஆனால் அதே மாவட்டத்துச் சேரிகளிலிருந்து அதே காலத்தில் பசிக்காகப் பட்டாளத்துக்கு ரயிலேறியவனுக்கு அந்த வரலாற்றில் ஒரு வரி உண்டா? அவனைத் தியாகி என்று எழுத வேண்டாம். துரோகி என்றும் எழுத வேண்டாம். அவன் ஏன் போனான் என்று எழுதினாலே போதும். ஏனென்றால் அதை எழுதினால் பண்ணையத்தைப் பற்றி எழுத வேண்டிவரும்.

நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டதை ஒரு மனிதன் மரியாதையாக நினைத்தான் என்றால், ஊரில் அவன் பெயரை எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். மூன்று வருடம் ரோடு போட்டுவிட்டுத் திருப்பூரில் ரயில் இறங்கி நடந்து வந்தவர், ஊர் எல்லையில் பூட்சைக் கழற்ற வேண்டியதாயிற்று. “சப்பான்காரன் குண்டு போட்டப்பக்கூடக் கழட்டல. இங்க கழட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வந்தேன்” என்பார். அப்புறம் அவர் அதைப் போடவேயில்லை. எண்பது வருடம் ஆகியும் அந்தப் பூட்சின் அடி அதிகம் தேயாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். பெட்டியில் உள்ளவற்றில் பதக்கத்தைவிட எனக்கு முக்கியம் இந்தத் தேயாத அடி.

இங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்சேபம் வரும். தேசியவாதி சொல்வான்: இது ஏகாதிபத்தியத்தின் பட்டாளம், அதன் பதக்கத்தைப் பாதுகாப்பது அடிமைப் புத்தி. நம் தோழர்களிலேயே சிலர் சொல்வார்கள்: கூலிக்குப் போனதை வீரமாக்கிக் கொண்டாடுவது, ஆண்ட பரம்பரைப் பெருமை பேசும் சாதிச் சங்கங்களின் வேலை, நமக்கு அது எதற்கு? இரண்டாவது ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். ‘நாங்களும் வீரர்தான்’ என்று மீசை முறுக்குவதற்கு இந்தப் பெட்டி தேவையில்லை. ஆனால் கொரேகானை நினைத்துப் பாருங்கள். 1818 சனவரி 1-ல் நடந்த சண்டைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் பெருமைக்காகத்தான் தூண் எழுப்பியது. சேரிக்காரனைப் பெருமைப்படுத்தும் எண்ணம் கம்பெனிக்குக் கிடையாது. ஆனால் செத்த சிப்பாய்களின் பெயரை அதில் வெட்டினான். அவற்றில் ‘நாக்’ என்று முடியும் 22 பெயர்கள் மகர்களுடையவை என்று நூறு வருடம் கழித்தும் படிக்க முடிந்தது. 1927 சனவரி 1-ல் பாபாசாகேப் அங்கே போய் நின்றார். அதன் பிறகு அது கம்பெனியின் தூணாக இல்லை. லட்சக்கணக்கானோர் கூடும் நம் இடமாயிற்று. 2018-ல் அங்கே கூடியவர்கள் மீது தாக்குதல் நடந்தது என்றால், அந்தக் கல்லில் உள்ள பெயர்கள் இன்னமும் யாரையோ உறுத்துகின்றன என்றுதான் பொருள். பெயர் இல்லாத தூணாக இருந்திருந்தால் பாபாசாகேப் எதைப் படித்திருப்பார்?

பெயரில்லாத கல்லும் நம்மிடம் உண்டு. 1914-19 போருக்குப் பிறகு தமிழ்நாடு உட்பட நாடெங்கும் பல ஊர்களில் பிரிட்டிஷ் அரசு சலவைக்கல் பதித்தது. ‘இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்’ என்று இரண்டு எண்கள். பெயர் கிடையாது. எந்தத் தெரு என்றும் கிடையாது. எண்ணை யார் வேண்டுமானாலும் சொந்தம் கொண்டாடலாம். இன்னாருடைய பேரன் என்று சேரிக்காரன் போய் நிற்க முடியாது.

இது ஊர்க் கல்லோடு முடியவில்லை. போரில் செத்தவர்கள் எல்லோரையும் பதவி, இனம், மதம் பாராமல் சமமாக நினைவுகூர்வோம் என்று 1917-ல் தொடங்கப்பட்டது போர்க் கல்லறை ஆணையம். அதே ஆணையம் 2021 ஏப்ரலில் தானே வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது: முதல் உலகப் போரில் செத்த ஆப்பிரிக்க, ஆசிய, மத்தியக் கிழக்குப் படையினரிலும் கூலிகளிலும் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாமல் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை. பிரிட்டிஷ் அரசு தன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் கழித்துக் கேட்ட மன்னிப்பு. சரி, அந்தப் பெயர்களை இனி எங்கே போய்த் தேடுவது? ஆணையத்தின் அலமாரியில் இல்லாத பெயர் ஒரு சேரி வீட்டு அட்டாலியில் இருக்கலாம்.

இரண்டாம் போரில் சப்பான்காரன் சயாம்-பர்மா மரண ரயில் பாதை போட்ட கதையும் இதுதான். 1942-43-ல் அந்தப் பாதையில் செத்த நேசநாட்டுப் போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை, கல்லறைக்குக் கல்லறை பெயர். அவர்களைப்போலப் பல மடங்கு செத்தவர்கள் ஆசியக் கூலிகள். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் அவர்களில் பல்லாயிரம். தோட்டத்துக் கூலிகளில் எத்தனை பேர் நம் சேரிகளிலிருந்து கங்காணியோடு கப்பலேறியவர்கள் என்று நமக்குத் தெரியும். அவர்கள் குழிகளில் மொத்தமாகப் புதைக்கப்பட்டார்கள். மலேசியத் தமிழர்கள் முயன்று 2023-ல்தான் காஞ்சனபுரியில் ஒரு கல் நட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நடுகல்’. நினைவுச்சின்னம், ஸ்தூபி என்றெல்லாம் தேடாமல் அந்தச் சொல்லை எடுத்தார்களே, அது சரியான சொல்.

ஏனென்றால் கல் நடுவது கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. காட்டோரம் மேட்டோரம் எங்கே பார்த்தாலும் புலிகுத்திக்கல்லும் வீரக்கல்லும் நிற்கும் பூமி இது. ஆனால் யாருக்குக் கல், யாருக்குக் கதை என்பதில் இங்கே ஒரு ஒழுங்கு உண்டு. அண்ணன்மார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னரும் சங்கரும் சாமியானார்கள். அவர்களோடு நின்று சண்டை போட்ட சாம்புவன் பறையன். அவனுக்கும் கோயிலில் சிலை உண்டு, ஆனால் கதை அவன் பெயரில் இல்லை. 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு ஓடாநிலையில் அரசு மணிமண்டபம் கட்டியது. அவரோடு நின்ற அருந்ததியர் பொல்லானுக்கு நினைவிடம் கேட்டு அருந்ததியர் அமைப்புகள் எத்தனை வருடம் மனுக் கொடுத்தும் போராடியும் அலைய வேண்டியிருந்தது! ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்டார்கள். ஆதாரம் எங்கே இருக்கும்? யார் வைக்கவிட்டார்கள்? இருநூறு வருடத்துக்கு முந்தைய ஆதாரத்துக்காக நாம் பட்ட பாட்டை, எண்பது வருடத்துக்கு முந்தைய ஆதாரத்துக்காக நம் பேரப்பிள்ளைகள் படக் கூடாது. இப்போது கையில் இருக்கிறது. தகரப் பெட்டியில் இருக்கிறது.

சரி, எங்கே கொடுப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ராணுவ அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்பார்கள். மதராஸ் ரெஜிமென்டின் தலைமையிடம் நமக்குப் பக்கத்தில், குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. மதராஸ் சேப்பர்களுக்கும் பயனீர்களுக்கும் பெங்களூரில் மையங்கள் உண்டு. அங்கே பொருள் பத்திரமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் படைப்பிரிவின் கதையில் எல்லோரும் ‘ஜவான்’. என் அப்புச்சியின் பூட்சுக்குக் கீழே ‘ராணுவக் காலணி, 1943’ என்று ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அது பொய் கிடையாது. ஆனால் ஊர் எல்லையில் அதைக் கழற்றிய கதை அந்தச் சீட்டில் ஏறாது. ஏறாவிட்டால் அது வெறும் தோல்.

லண்டன் அருங்காட்சியகங்களுக்கு எழுதலாம். இம்பீரியல் வார் மியூசியத்தை 1917-லேயே தொடங்கிவிட்டார்கள். காலனி நாட்டுப் படையினரைப் பற்றி அங்கே இப்போது அக்கறை கூடியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் அவினாசிப் பக்கத்துச் சேரிப் பிள்ளை தன் பாட்டன் கையெழுத்தைப் பார்க்க விசா எடுக்க வேண்டுமா?

நம் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-லிருந்து இருக்கிறது. கொடுமணலில் தோண்டுகிறோம், 2023-ல் கீழடிக்கு அருங்காட்சியகம் கட்டித் திறந்தோம். இரண்டாயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன் சாதி இல்லாத தமிழன் வாழ்ந்தான் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். மகிழ்ச்சி. மண்ணுக்கடியில் கிடப்பதைத் தோண்டி எடுக்கக் காட்டும் அக்கறையில் கொஞ்சம், அட்டாலி மேலே கிடப்பதற்கும் காட்டக் கூடாதா? சேரியின் வாழ்வுக்கென்று, சேரிக்காரர் சொல்படி ஒரு கூடம் ஒதுக்கினால் கொடுக்கலாம். பறையும் செருப்புத் தைக்கும் ஊசியும் ‘நாட்டார் கலை’ என்று கண்ணாடிக்குள் வைப்பதோடு நின்றால் கொடுக்க வேண்டாம்.

விற்கலாம் என்று ஒரு யோசனை. பழைய பதக்கம் வாங்கி விற்கும் ஒருவர் மாமனிடம் வந்து விலை பேசிவிட்டுப் போனார். பதக்கம் மட்டும் போதுமாம், ‘காகிதக் குப்பை’ வேண்டாமாம். இந்தப் பதக்கங்களில் வெள்ளி இல்லை, உருக்கினால் ஒன்றும் தேறாது. பெயர் பொறித்திருப்பதால்தான் சேகரிப்பவன் விலை கொடுக்கிறான். நம் பெயருக்கு வெளியே விலை இருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நூறு வருடம் கடந்த கலைப்பொருளையும், எழுபத்தைந்து வருடம் கடந்த வரலாற்று மதிப்புள்ள ஆவணத்தையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பசியில் விற்கிற குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். விற்பதற்கு முன் ஒரு நகலாவது எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு ஆள் இருக்கிறார். ஆய்வாளர். ‘ஒரு வாரத்தில் தந்துவிடுகிறேன்’ என்று போட்டோவை வாங்கிக்கொண்டு போவார். புத்தகம் வரும், பட்டம் வரும், போட்டோ வராது. நம் சேரிகளிலிருந்து இப்படிப் போனவற்றைக் கணக்கெடுத்தால் ஒரு அருங்காட்சியகமே வைக்கலாம். மாணவத் தோழர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மூலத்தை வாங்காதீர்கள், கொடுக்கவும் விடாதீர்கள். உட்கார்ந்து நகலெடுத்துக்கொண்டு போகட்டும்.

என் முடிவு இது. மூலம் நம் இடத்தில், நம் படிப்பகத்தில் இருக்க வேண்டும். நகல் ஊரெங்கும் போக வேண்டும். இதற்கு முன்னுதாரணம் உண்டு. பாபாசாகேப் 1956-ல் மறைந்த பிறகு அவருடைய எழுத்துகளே பெட்டிகளில் பூட்டிக் கிடந்தன. 1979-ல்தான் மகாராட்டிர அரசு முதல் தொகுதியைக் கொண்டுவந்தது. அவர் போட்ட கோட்டையும் தட்டச்சுப் பொறியையும் காத்து, நாக்பூருக்கு அருகே சிச்சோலியில் வைத்துக் காட்டுபவர்கள் அவருடைய தொண்டர்கள். அரசு வந்து செய்யட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் அந்தக் கோட்டு கந்தலாகியிருக்கும்.

‘நம் படிப்பகம் ஒழுகுது தோழர், கரன்ட் பில் கட்ட வழியில்லை, அமைப்பு உடைஞ்சா பெட்டி யார் பக்கம்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் அமைப்புகள் உடைகிற வேகம் நமக்குத் தெரியும். ஆகவே பெட்டியை எந்த அமைப்புக்கும் எந்தத் தலைவருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது. அந்தச் சேரியின் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பொறுப்பு ஏற்க வேண்டும். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். வெளியே கண்காட்சிக்குக் கொடுத்தாலும் இரவலாகத்தான் கொடுக்க வேண்டும், எழுத்தில் கொடுக்க வேண்டும். யாருடையது, எந்தச் சேரி, திரும்ப வரும் தேதி, சீட்டில் என்ன எழுதப்படும் என்பது வரை அந்த எழுத்தில் இருக்க வேண்டும். நகலை மூன்று இடத்திலாவது வைக்க வேண்டும். ஒன்று குடும்பத்திடம். இன்னொன்று பக்கத்து ஊர்ப் படிப்பகத்தில். மூன்றாவது சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போலப் பழைய அச்சையும் ஆவணத்தையும் காக்கத் தெரிந்த ஒரு பொது நிறுவனத்தில், அவர்கள் ஏற்றுக்கொண்டால். ஒரு கூரை ஒழுகினாலும் மற்ற இரண்டு இருக்கும்.

பெண்கள் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. போர் நினைவு என்றதும் எல்லோரும் பதக்கத்தைத்தான் எடுக்கிறார்கள். அம்மாயியின் மணியார்டர் துண்டுகளை யாரும் எடுப்பதில்லை. அந்த மூன்று வருடமும் பண்ணையத்துக் கடனுக்குப் பதில் சொன்னவள் அவள். தபால்காரன் சேரிக்குள் வராமல் ஊர்ச் சாவடியிலேயே நின்றுகொண்டு ஆளனுப்பிக் கூப்பிட, அங்கே போய்க் கைநாட்டு வைத்துப் பணம் வாங்கியவள் அவள். அப்புச்சி இறந்த பிறகு பதினைந்து வருடம் வேப்பிலை போட்டுப் போட்டு அந்தப் பெட்டியைக் காத்தவளும் அவள்தான். எழுதப் படிக்கத் தெரியாதவள் இந்த உலகத்தில் விட்டுப்போன ஒரே கையெழுத்து அந்தப் பதினேழு பெருவிரல் ரேகை. பதக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு இவற்றைக் குப்பையில் போட்டால், ஊர் நமக்குச் செய்ததை நாம் அவளுக்குச் செய்தவர்களாவோம்.

வேலை என்று இறங்கும் தோழர்களுக்குச் சில சங்கதிகள். பழைய காகிதத்தை, பத்திரமாக இருக்கட்டும் என்று, கடையில் கொடுத்து லேமினேசன் செய்யாதீர்கள். சூட்டிலும் பசையிலும் காகிதம் கெடும், பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப் ஒட்டாதீர்கள். பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பாலிஷும் போடாதீர்கள். பளபளப்பு வரும், விளிம்பிலுள்ள பெயர் தேய்ந்து போகும். போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். காகிதத்தையும் துணியையும் இரும்பையும் ஒன்றாகப் போட்டு வைக்காதீர்கள், துரு பரவும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, தரையில் படாமல், ஈரச் சுவரை ஒட்டாமல் வையுங்கள். நிழல் வெளிச்சத்தில் செல்போனிலேயே நல்ல நகல் எடுக்கலாம். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றும் எடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் பேச்சு. போருக்குப் போனவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளுக்கே இப்போது எழுபது, எண்பது வயது. பொருளை எடுப்பதற்கு முன்னால் அவர்களை உட்கார வைத்துக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். எந்த ஊர், எந்தப் பண்ணையம், ஏன் போனார், திரும்பி வந்தபோது டீக்கடையில் எந்தக் கிளாசில் டீ கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் பேச்சை நல்ல தமிழாகத் திருத்தாதீர்கள். பொருளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய சீட்டு அந்தப் பேச்சுதான்.

பஞ்சாபில் முதல் உலகப் போருக்குப் போன 3,20,000 பேரின் பட்டியல், கிராமம் கிராமமாக எழுதியது, லாகூர் அருங்காட்சியகத்தில் 97 வருடம் யாரும் தொடாமல் கிடந்தது. 2021-ல் அதைக் கணினியில் ஏற்றத் தொடங்கினார்கள். பிரிட்டனில் பிறந்த பேரன் பேத்திகள் தங்கள் பாட்டன் பெயரை அதில் கண்டுபிடித்தார்கள். நமக்கு அப்படி ஒரு பட்டியலை நாமேதான் எழுத வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று சேரி சேரியாகப் போனால் ஒரு கோடை விடுமுறைக்குள் நூறு பெயராவது கிடைக்கும். பட்டாளத்தார் வீடு, மிலிட்டரிக்காரர் வளவு என்று இன்னமும் கூப்பிடுகிற வீடுகள் நம் சேரிகளில் உண்டு. அங்கிருந்து தொடங்கலாம்.

ஆதாரம் எங்கே என்று இனி எவன் கேட்டாலும், இதோ என்று எடுத்துப் போட வேண்டும். மாமன் வீட்டுச் சுவரை இடிக்கும் வாரத்தில் நான் மூன்று நகல் எடுத்து முடித்துவிடுவேன். பூட்சும் பதக்கமும் மணியார்டர் துண்டுகளும் எங்கள் சேரிப் படிப்பகத்து அலமாரிக்குப் போகின்றன. அலமாரியில் இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டு அட்டாலியில் என்ன இருக்கிறது தோழர்? இன்றைக்கே ஏறிப் பாருங்கள்.